மோன்மார்த்ர் குன்றின் காதலும் கண்ணீரும்

1896ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள். இத்தாலி நாட்டின் டூரின் நகரிலுள்ள அரச நாடக அரங்கில் ஓர் இசை நாடகம் முதன்முறையாக அரங்கேறியது. இசையமைத்தவர் புச்சீனி. வாத்தியக் குழுவை நடத்தியவர் பின்னாளில் உலகப் புகழ் எய்திய டோஸ்கானினி. நாடகத்தின் பெயர் 'லா போஎம்'.

பாரிஸ் மாநகரின் ஒரு மாடியறையில் குளிரிலும் பசியிலும் வாடும் நான்கு இளைஞர்களின் கதை அது. ஒருவர் கவிஞர், ஒருவர் ஓவியர், ஒருவர் இசைவாணர், ஒருவர் தத்துவம் பயில்பவர். கணப்பில் இட விறகில்லை. எனவே கவிஞர் தாம் எழுதிய நாடகத்தின் கையெழுத்துப் படியையே தீயிலிட்டுக் குளிர் காய்கிறார். அதே கட்டடத்தில் வாழும் மிமி என்னும் ஏழைத் தையற்பெண், அணைந்துபோன மெழுகுவத்தியை ஏற்றிக்கொள்ள அவ்வறைக்கு வருகிறாள். காதல் பிறக்கிறது. இறுதியில் காசநோய் அவளைக் கொண்டுபோகிறது. திரை விழுகிறது.

அன்று தொடங்கி இன்றுவரை உலகெங்கும் அந்நாடகத்தைக் கண்டு கண்ணீர் சிந்தியோர் எண்ணற்றோர். 'வறுமையிலும் எத்துணைத் தூய காதல்! கலைக்காக எத்துணைத் தியாகம்!' என்று வியந்தபடியே அவர்கள் வீடு திரும்பினர். ஆயினும், வரலாற்றைப் பயில்வோர் அவ்வாறு வீடு திரும்பிவிட இயலாது. மேடையில் இறந்த மிமி கற்பனைப் பெண். ஆனால், அதே காலத்தில் அதே பாரிஸில் அவளைப் போலவே கலைஞர்களின் அறைகளில் வாழ்ந்த பெண்கள் கற்பனையல்லர். அவர்களுக்குப் பெயருண்டு; பிறந்த நாளுண்டு; பட்ட துயருண்டு. அவர்களுடைய கதையைத்தான் இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைகிறோம்.

முஸ்லிம் இல்லங்களில் பெரியோரும் இளையோரும் சேர்ந்து படிக்கும் ஓர் ஏட்டில், பாரிஸ் ஓவியர்களின் காதலுக்கு என்ன இடம் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. அவர்களுடைய வாழ்க்கை முறையைப் போற்றுவது நமது நோக்கமன்று. இகழ்வதும் நமது நோக்கமன்று. சென்று மறைந்த சமூகங்களின் வரலாற்றிலிருந்து படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைப் பலமுறை ஏவுகிறது. அந்நோக்குடன்தான் நாம் இதனை அணுகுகிறோம்.

பெயர் வந்த வழி

'போஹீமியர்' என்னும் சொல் வந்த வழியே ஒரு வேடிக்கை. பதினைந்தாம் நூற்றாண்டில் நாடோடி மக்கள் கூட்டங்கூட்டமாகப் பிரெஞ்சு நாட்டுக்குள் வந்தனர். அவர்கள் மத்திய ஐரோப்பாவிலுள்ள போஹீமியா நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று பிரெஞ்சு மக்கள் தவறாக எண்ணி, அவர்களுக்கு அப்பெயரை இட்டனர். உண்மையில் அம்மக்களின் முன்னோர் நம் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை அவர்களுடைய ரோமானி மொழியே காட்டிக்கொடுத்துவிட்டது. அம்மொழி வட இந்திய மொழிகளின் உறவுமொழி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், நிலையான வருவாயும் வீடுமின்றிக் கலையே கதியெனத் திரிந்த இளைஞர்களுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. அதனை உலகறியச் செய்தவர் ஆன்ரி முர்ஷே என்னும் எழுத்தாளர். தையற்காரர் ஒருவரின் மகனாக 1822இல் பிறந்த இவர், தாமும் தம் நண்பர்களும் பட்ட பசியையும் பாடுகளையும் பத்திரிகைத் தொடராக எழுதினார். 1849இல் அது நாடகமாகி வெற்றி கண்டது. 1851இல் நூலாக வெளிவந்தது. புச்சீனியின் இசை நாடகத்துக்கு மூலம் அந்நூலே.

கலைஞர்கள் நாடோடிகளின் பெயரை எடுத்துக்கொண்டு புகழ் பெற்றனர். உண்மையான நாடோடிகளுக்கோ 1912ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டம், உடல் அளவுகள் பொறித்த அடையாளப் புத்தகத்தைச் செல்லுமிடமெல்லாம் சுமக்க வேண்டுமென விதித்தது. பெயரின் அழகு ஒருவருக்கும் அதன் துன்பம் இன்னொருவருக்கும் என்னும் இந்தப் பங்கீட்டை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். இக்கதையில் அது மீண்டும் வரும்.

குன்றும் குடியிருப்பும்

பாரிஸின் வடபுறத்தே உள்ள சிறு குன்று மோன்மார்த்ர். 1860ஆம் ஆண்டில்தான் அது மாநகர எல்லையுடன் இணைக்கப்பட்டது. காற்றாலைகளும் திராட்சைத் தோட்டங்களும் ஜிப்சம் சுரங்கங்களும் நிறைந்த சிற்றூராக இருந்த அவ்விடத்தில் வாடகை குறைவு. ஆகவே, ஓவியர்களும் கவிஞர்களும் பாடகர்களும் அங்குக் குடியேறினர். குன்றின் உச்சியில் 1875இல் தொடங்கிய பெருங்கோயிலின் கட்டட வேலை ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, அதன் சரிவுகளில் இவர்களுடைய வாழ்க்கை நடந்தது.

அங்கே ஒரு பழைய மரக் கட்டடம் இருந்தது. முன்பு பியானோ செய்யும் பட்டறையாக இருந்த அதனை அறை அறையாகத் தடுத்து ஓவியர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தனர். சேன் நதியில் சலவைப் பெண்கள் துணி துவைக்கப் பயன்படுத்திய படகுகளைப்போல அது ஆடியும் முனகியும் நின்றதால், 'சலவைப் படகு' என்று பெயர் பெற்றது. அப்பெயரை இட்டவர் மாக்ஸ் ஷாக்கோப் என்னும் கவிஞர் என்பர். குடியிருந்தோர் அனைவருக்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். கோடையில் உலைக்களம், குளிர்காலத்தில் பனிக்கட்டி. இரவில் கோப்பையில் மீந்த தேநீர் விடிவதற்குள் உறைந்துவிடும் என்று அங்கு வாழ்ந்த ஓர் அம்மையார் எழுதியுள்ளார்.

பிக்காஸோ என்று இன்று உலகம் அறியும் ஸ்பானிய ஓவியர் 1904இல் இங்குக் குடிவந்தார். அதற்கு முன்னர் அவரும் மாக்ஸ் ஷாக்கோபும் ஒரே அறையில் தங்கியிருந்தனர். அறையில் இருந்தது ஒரே கட்டில். பகலில் ஷாக்கோப் கடையில் வேலை செய்யும்போது பிக்காஸோ உறங்குவார். இரவில் ஷாக்கோப் உறங்கும்போது பிக்காஸோ விழித்திருந்து வரைவார். இத்தகைய வறுமை பொய்யன்று; அதில் அவர்கள் காட்டிய விடாமுயற்சியும் பொய்யன்று. அதை மறுப்பது நேர்மையாகாது.

எனினும், அந்த அறைகளில் ஆண்கள் மட்டுமே வாழவில்லை.

சலவைத் தொழிலாளியின் மகள்

1865ஆம் ஆண்டில் பிரான்சின் ஒரு சிற்றூரில், திருமணமாகாத ஓர் ஏழைத் தாய்க்கு ஒரு பெண் மகவு பிறந்தது. சலவை செய்தும் வீட்டு வேலை செய்தும் பிழைத்த அத்தாய், மகளுடன் மோன்மார்த்ருக்கு வந்து சேர்ந்தாள். சிறுவயது முதலே கூலி வேலைகள் செய்த அப்பெண், சர்க்கஸில் வித்தை காட்டுபவளாகச் சேர்ந்து, கீழே விழுந்து அடிபட்டு அதையும் விட்டாள். பின்னர் ஓவியர்களின் முன் அசையாமல் அமர்ந்து கூலி பெறும் மாதிரிப் பெண்ணானாள். ரெனுவார், புவி த ஷவான், துலூஸ் லோத்ரெக் முதலிய பேரோவியர்களின் புகழ்பெற்ற படங்களில் நாம் காண்பது அவளுடைய உருவமே. அவள்தான் சுஸான் வலதோன்.

மணிக்கணக்கில் அசையாமல் நின்ற அப்பெண்ணின் கண்கள் மட்டும் ஓயவில்லை. ஓவியர்களின் கை எவ்வாறு இயங்குகிறது என்பதை அவை பார்த்துக்கொண்டே இருந்தன. ஆசிரியரின்றி, பள்ளியின்றி அவர் தாமே வரையக் கற்றார். பாரிஸின் அரசு நுண்கலைப் பள்ளி 1897ஆம் ஆண்டுவரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். அவருடைய கோடுகளைக் கண்ட முதுபெரும் ஓவியர் தெகா வியந்து, அவரைக் கலைஞர் வரிசையில் ஒருவராக ஏற்று, அவருடைய படங்களை விலைகொடுத்து வாங்கி ஊக்கினார். 1894இல் தேசிய நுண்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றன.

இந்த வெற்றிக்கு நடுவே இருந்த துயரையும் சொல்ல வேண்டும். 1883ஆம் ஆண்டு டிசம்பரில், பதினெட்டு வயதில், மணமாகாமலேயே அவர் ஓர் ஆண் குழந்தைக்குத் தாயானார். தந்தை யாரென்பது இன்றளவும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது. அன்றைய பிரெஞ்சுச் சட்டமோ அதனைக் கேட்கவும் அனுமதிக்கவில்லை. நெப்போலியன் காலத்தில், 1804இல் இயற்றப்பட்ட குடியியல் சட்டம், மணமாகாத தாய் தன் குழந்தையின் தந்தை இன்னாரென்று வழக்காடுவதைத் தடை செய்திருந்தது. அத்தடை தளர்ந்தது 1912இல்தான். நூற்றெட்டு ஆண்டுகள்! பெண்ணும் குழந்தையும் தெருவில் நின்றாலும், ஆணின் பெயருக்குக் களங்கம் வரலாகாது என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். 1891இல் மிகெல் உத்ரில்லோ என்னும் ஸ்பானிய ஓவியர் அச்சிறுவனுக்குத் தம் பெயரைக் கொடுத்தார். அது சட்டத்தின் கடமையாக வந்ததன்று. ஒருவருடைய மனமிரக்கமாக வந்தது.

மோரிஸ் உத்ரில்லோ என்னும் அம்மகன் இளமையிலேயே மதுவுக்கு அடிமையாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அவனைக் குடியிலிருந்து மீட்க வேண்டுமென்று தாய் அவன் கையில் தூரிகையைக் கொடுத்தார். அவனும் மோன்மார்த்ர் தெருக்களை வரைந்து பெரும் ஓவியனானான். ஆனால், குடி அவனை எளிதில் விடவில்லை. 'போஹீமிய' வாழ்க்கையின் கவர்ச்சியைப் பேசுவோர் இத்தாயின் உறக்கமற்ற இரவுகளைப் பற்றிப் பேசுவதில்லை.

1893ஆம் ஆண்டில் எரிக் சத்தீ என்னும் வறிய இசைமேதை வலதோன்மீது காதல் கொண்டார். ஆறு திங்களே நீடித்த அவ்வுறவு முறிந்தபின், வேறெந்தக் காதலும் அவருடைய வாழ்வில் இருந்ததாக அறியப்படவில்லை. புறநகரான ஆர்க்கேயில் அவர் வாழ்ந்த அறைக்குள் இருபத்தேழு ஆண்டுகளாக வேறு மனிதர் காலடி பட்டதில்லை. 1925இல் அவர் இறந்த பின்னரே நண்பர்கள் உள்ளே சென்றனர். கட்டற்ற காதல் ஆண்களையும் தனிமையில் தள்ளியது என்பதற்கு இவர் சான்று.

பூட்டிய அறை

தேநீர் உறைந்ததை எழுதிய அம்மையார் என்று முன்னர்க் குறித்தோமே, அவர் பெயர் ஃபெர்னாந்த் ஒலிவியே. 1881இல் பிறந்தவர். உறவினர் வீட்டில் அன்பின்றி வளர்ந்தவர். விரும்பாத ஒருவருக்கு 1899இல், பதினெட்டு வயதில் மணம் செய்விக்கப்பட்டார். கணவன் கொடுமைக்காரன். அடியும் உதையும் தாங்காமல் அடுத்த ஆண்டே அவ்வீட்டைவிட்டு வெளியேறி, பெயரை மாற்றிக்கொண்டு, ஓவியர்களின் மாதிரிப் பெண்ணாகப் பிழைக்கலானார்.

அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் மனைவியின் நிலை என்ன? கணவனுக்குக் கீழ்ப்படிதல் அவளுடைய கடமை என்று சட்டமே எழுதியிருந்தது. கணவனின் சம்மதமின்றி அவள் ஒப்பந்தம் செய்ய முடியாது. நீதிமன்றம் ஏற முடியாது. தான் உழைத்துப் பெற்ற கூலியைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை மனைவிக்குக் கிடைத்தது 1907ஆம் ஆண்டில்தான். கணவனின் அனுமதியின்றி வேலைக்குச் செல்லவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் உரிமை வந்தது 1965இல்! அத்தகைய திருமணத்திலிருந்து ஒரு பெண் தப்பியோடினாள் என்றால், அவளை நோக்கிக் கல்லெறியுமுன் நாம் சற்றே நிதானிக்க வேண்டும்.

1904ஆம் ஆண்டின் ஒரு கோடை நாளில், மழைக்கு ஒதுங்கிய வேளையில், 'சலவைப் படகில்' அவர் பிக்காஸோவைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு அவருடைய அறையில் குடிபுகுந்தார். பொறாமை மிக்க பிக்காஸோ அவரை வெளியே செல்லவிடாமல், கடைத்தெருவுக்கும் தாமே சென்றுவந்தார். காலணி இல்லாததால் இரண்டு மாதங்கள் வெளியே செல்ல முடியாதிருந்ததையும், நிலக்கரி வாங்கக் காசில்லாமல் குளிரில் படுக்கையைவிட்டு எழாதிருந்ததையும் அம்மையார் பிற்காலத்தில் எழுதினார். கொடுமைக்காரக் கணவனின் வீட்டிலிருந்து தப்பிய பறவை, அன்பின் பெயரால் இன்னொரு கூண்டில் அமர்ந்தது.

ஆயினும், அவ்வறையைக் கலைஞர்கள் கூடும் இல்லமாக ஆக்கியவர் அவரே. 1908இல் ரூசோ என்னும் முதிய ஓவியருக்கு அங்கு ஒரு விருந்து அளிக்கப்பட்டது. கலை வரலாற்று நூல்கள் பலவும் பேசும் விருந்து அது. கடையில் சொல்லிவைத்த உணவு அன்று வந்து சேரவில்லை. வந்தோர் பசியோடு போகாமல் அம்மையார் சமைத்த சோறே மானத்தைக் காத்தது. நூல்கள் வந்திருந்த கவிஞர்களின் பெயர்களை வரிசைப்படுத்துகின்றன. சமைத்த கையைப் போகிறபோக்கில் குறிக்கின்றன.

1906இல் வொலார் என்னும் வணிகர் பிக்காஸோவின் படங்களை மொத்தமாக 2,000 பிராங்குக்கு வாங்கினார். வறுமை மெல்ல விலகியது. 1909இல் பணிப்பெண் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வசதியான வீட்டுக்கு இருவரும் மாறினர். அதே ஆண்டு அம்மையாரின் முகத்தை மாதிரியாகக் கொண்டு பிக்காஸோ வரைந்த படங்களும் செய்த சிலையும் நவீனக் கலையின் போக்கையே மாற்றின. பசி தீர்ந்தது, அன்பும் தீர்ந்தது. பிழை இருபுறமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1912இல் பிரிவு நேர்ந்தபோது, ஏழாண்டு உடன் வாழ்ந்த பெண்ணுக்குக் கேட்டுப்பெற எவ்வித உரிமையும் இல்லை. முந்தைய திருமணம் சட்டப்படி முறிக்கப்படாததால், பிக்காஸோவை மணக்கும் வழியும் அவருக்கு இருக்கவில்லை. கடையில் விற்பனைப் பெண்ணாகவும், கணக்காளராகவும், மதுக்கூடத்தில் கவிதை சொல்பவராகவும், பிரெஞ்சும் ஓவியமும் கற்பிப்பவராகவும் அவர் பல வேலைகள் செய்து காலந்தள்ளினார்.

1930களின் தொடக்கத்தில் அவர் தம் நினைவுகளை எழுதி வெளியிட முற்பட்டபோது, உலகப் புகழும் பெருஞ்செல்வமும் எய்திவிட்ட பிக்காஸோ வழக்கறிஞர்களைக் கொண்டு தடுக்க முனைந்தார். தடை பலிக்கவில்லை, 1933இல் நூல் வெளிவந்தது. முதுமையில் செவி மந்தமாகி, மூட்டுவலியால் முடங்கி, வறுமையில் வாடிய அவர், எஞ்சிய நினைவுகளை வெளியிடாதிருப்பதாக ஒப்பி, பிக்காஸோவிடம் ஒரு தொகை பெற்றார். ஏழாண்டு வாழ்வின் பேரால் அவருக்குக் கிடைத்த ஒரே 'ஜீவனாம்சம்' வாய்மூடி இருப்பதற்கான விலையே. 1966இல் அவர் மறைந்தார். எஞ்சிய நினைவுகள் 1988இல்தான் அச்சேறின. 2016இல் லண்டன் ஏலத்தில், அவரை மாதிரியாகக் கொண்டு 1909இல் வரையப்பட்ட ஓர் ஓவியம் நான்கு கோடிப் பவுனுக்கும் மேலாக விலைபோயிற்று.

நிறைவேறாத உறுதிமொழி

மூன்றாவது கதை இன்னும் துயரமானது. இத்தாலியின் லிவோர்னோ நகரில் 1884இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்த மொதில்யானி, 1906இல் பாரிஸுக்கு வந்தார். இளமையிலேயே காசநோய் அவரைப் பற்றியிருந்தது. மதுவும் போதையும் அதனுடன் சேர்ந்துகொண்டன. தம் நாட்டைச் சேர்ந்த ரோசலி என்னும் அம்மையார் நடத்திய சிறு உணவு விடுதியில், உண்ட சாப்பாட்டுக்குக் காசுக்குப் பதிலாகப் படங்களைக் கொடுத்துச் செல்வார்.

1917இல், ஓவியம் பயின்றுகொண்டிருந்த ழான் எபுதெர்ன் என்னும் இளம்பெண்ணை அவர் சந்தித்தார். அவளுக்கு வயது பத்தொன்பது, அவருக்கு முப்பத்திரண்டு. கத்தோலிக்கரான அவளுடைய பெற்றோர் அவ்வுறவை ஏற்கவில்லை. அவள் வீட்டை விட்டு அவருடன் சென்றாள். 1918 நவம்பரில் நீஸ் நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

1919ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மொதில்யானி ஒரு தாளில் உறுதிமொழி எழுதினார். தேவையான ஆவணங்கள் வந்து சேர்ந்ததும் எபுதெர்னை மணந்துகொள்வதாக அதில் எழுதி, நண்பர்களும் கையொப்பமிட்டனர். கவனியுங்கள்: கட்டற்ற காதலே மேலானது என்று முழங்கிய அக்கூட்டத்தின் நடுவிலும், ஒரு தாள், ஒரு வாக்கு, சில சாட்சிகள் வேண்டுமென்று மனித மனம் தேடியிருக்கிறது! ஆனால், ஆவணங்கள் வரும்வரை நோய் காத்திருக்கவில்லை. 1920 ஜனவரி 24ஆம் நாள் மூளைக் காய்ச்சலாக முற்றிய காசநோயால் அவர் மருத்துவமனையில் இறந்தார். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த ழான், துயரம் தாளாமல் இரண்டு நாட்களுக்குள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். வயிற்றிலிருந்த சிசுவும் அவளுடன் போயிற்று. வயது இருபத்தொன்று.

மொதில்யானியின் உடலைப் பாரிஸின் கலைஞர்கள் திரண்டு சென்று புகழ்பெற்ற பெயர் லஷேஸ் இடுகாட்டில் அடக்கினர். எபுதெர்னை அவளுடைய குடும்பத்தார் வேறோர் இடுகாட்டில் அடக்கினர். பத்தாண்டுகள் கழித்தே அவளுக்கு அவர் அருகில் இடம் கிடைத்தது. அநாதையான ஓராண்டுக் குழந்தையை இத்தாலியிலிருந்த தந்தைவழிக் குடும்பம் வளர்த்தது. வளர்ந்து பெரியவளான அம்மகள், தந்தையைச் சுற்றிப் பின்னப்பட்ட கட்டுக்கதைகளை விலக்கி அவருடைய வரலாற்றை எழுதினார். 2015இல் மொதில்யானியின் ஓர் ஓவியம் நியூயார்க் ஏலத்தில் பதினேழு கோடி டாலருக்கு விற்பனையாயிற்று. எபுதெர்னும் ஓவியரே. அவளுடைய படங்களை உலகம் கண்டது 2000ஆம் ஆண்டு வெனிஸ் கண்காட்சியில்தான்.

நம் இல்லத்துக் கணக்கு

இம்மூன்று வரலாறுகளையும் ஒருசேர நோக்கும்போது நமக்குப் புலப்படுவது என்ன? 'திருமணம் என்னும் கட்டை உதறியதால் அப்பெண்கள் துன்புற்றனர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. ஆனால், அது பாதி உண்மையே. அவர்கள் உதறிய திருமணம் பெண்ணுக்கு எதையும் கொடுக்காத திருமணம். அவளுடைய சொத்தும் கூலியும் கையொப்பமும் கணவனுக்கே உரியவை என்ற திருமணம். அதிலிருந்து தப்பி அவர்கள் புகுந்த காதலும் பெண்ணுக்கு எதையும் கொடுக்கவில்லை. உரிமையில்லாத மணத்திலிருந்து உரிமையில்லாத காதலுக்கு ஓடியதே அவர்களுடைய சோகம். காதல் குறைந்ததால் வந்த துயரமன்று அது. காதலைத் தாங்கி நிற்கும் கடமை இல்லாததால் வந்த துயரம்.

வறுமையைக் காரணம் காட்டுவோரும் உண்டு. 'அன்றாட ரொட்டிக்கே வழியற்ற கலைஞன் எப்படிக் குடும்பப் பொறுப்பை ஏற்பான்?' என்பர். இங்குப் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த, ஹதீஸ் நூல்கள் பலவும் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகிறது. திருமணம் செய்ய விரும்பிய ஏழைத் தோழர் ஒருவரிடம், மஹராகக் கொடுக்க இரும்பு மோதிரமாவது கிடைக்குமா என்று தேடச் சொன்னார்கள். அதுவும் அவரிடம் இல்லை. உடுத்தியிருந்த ஆடையைத் தவிர வேறொன்றுமில்லை. இறுதியில், அவருக்கு மனப்பாடமாக இருந்த குர்ஆன் பகுதிகளை முன்னிட்டே அந்தத் திருமணத்தை நடத்திவைத்தார்கள். அத்தோழரின் வறுமை மோன்மார்த்ர் வறுமைக்குக் குறைந்ததன்று. ஆனால், அவ்வறுமையிலும் பெண்ணின் உரிமை கேட்கப்பட்டது. ஏதாவதொன்று அவளுக்கென்று குறிக்கப்பட்டது. பொருள் இல்லாமை பொறுப்பின்மைக்குச் சாக்காக ஏற்கப்படவில்லை. மஹரை மனமுவந்து கொடுக்குமாறும், ஆண்கள் தேடியது ஆண்களுக்கு உரியது போலப் பெண்கள் தேடியது பெண்களுக்கு உரியதென்றும் 'அந்நிஸா' அத்தியாயம் விதித்து, பிரெஞ்சுப் பெண் தன் கூலிக்கு உரிமை பெறுவதற்குள் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன.

இதைப் படித்ததும் நம்மில் சிலருடைய நெஞ்சம் பெருமிதத்தால் நிமிரும். நிமிரட்டும், ஆனால், ஒரு கணம் நம் ஊர் நிக்காஹ் பதிவேட்டையும் புரட்டிப் பார்ப்போம். அதில் எழுதப்பட்ட மஹர்த் தொகைகளில் எத்தனை மணமகளின் கைக்கு உண்மையிலேயே வந்து சேர்ந்தன? மஹரைப் பெயரளவுக்கு எழுதிவிட்டு, மறுபுறம் பெண் வீட்டாரிடம் கைக்கூலியும் நகையும் எண்ணி வாங்கிய திருமணங்கள் எத்தனை? கணவனை இழந்தோ பிரிந்தோ தாய்வீடு திரும்பிய நம் சகோதரிகளில், தமக்குரிய பங்கைத் தலைநிமிர்ந்து கேட்க முடிந்தவர் எத்தனை பேர்? பாரிஸின் பெண்களுக்கு ஒப்பந்தமே இல்லை, அதனால் ஏமாந்தனர். நம் பெண்களுக்கு ஒப்பந்தம் உண்டு. அவர்கள் ஏமாந்தால் குற்றம் ஏட்டினுடையதன்று, நம்முடையது. இல்லாத உரிமையைக் கொடாதவனைவிட, எழுதிக் கொடுத்த உரிமையை மறுப்பவன் இறைவன் முன் அதிகமாகவே பதில் சொல்ல வேண்டியவன்.

'சலவைப் படகு' 1970இல் தீக்கிரையாயிற்று. வலதோன் ஒருகாலத்தில் வாழ்ந்து வரைந்த கோர்த்தோ தெரு வீடு இன்று மோன்மார்த்ர் அருங்காட்சியகமாக இருக்கிறது. 2022இல் அங்கே ஒலிவியே அம்மையாரை மையமாக வைத்து ஒரு கண்காட்சி தொடங்கிற்று. 2025இல் பாரிஸின் பொம்பிடு மையம் வலதோனின் ஓவியங்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது. பிறர் படங்களில் முகமாக மட்டும் இருந்த பெண்களை, அவரவர் பெயருடன் உலகம் இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. நூறாண்டு தாழ்ந்து வந்த நீதி அது.

நம் இல்லங்களில் நீதிக்கு அத்துணைக் காலம் தாழ வேண்டியதில்லை. இவ்வேட்டை மூடிவைத்தபின், இல்லத்தலைவர் ஒருவரேனும் தம் துணைவியாரை அழைத்து, 'உமக்குரிய மஹர் இன்னும் என்னிடம் பாக்கியிருக்கிறதல்லவா?' என்று கேட்பாரானால், மோன்மார்த்ர் குன்றுவரை நாம் நடந்துவந்த நடை வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.